அறிவிப்பும் மறைப்பும்: ஒரு வலைப்பக்கத்துக்குள் பல மொழிகள்

1

மொழி அரசியல் பற்றி நாம் நிறையவே பேசிவந்திருக்கிறோம். ஆட்சிமொழி, பயிற்றுமொழி, வழிபாட்டு மொழி என ஒவ்வொரு தளத்திலும் எந்த மொழி உட்காருவது என்பதற்காகச் சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆனால் நாம் வெளியிடுகிற வலைப்பக்கம் ஒவ்வொன்றின் தலைவாசலிலும் 'இந்தப் பக்கம் இன்ன மொழியில் இருக்கிறது' என்று அறிவிப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. வாசகர் கண்ணில் படாத இடம். பெரும்பாலும் நமக்கே தெரியாமல் யாரோ நிரப்பிவிடுகிற இடம். அதில் என்ன எழுதப்படுகிறது, எழுதாமல் விட்டால் என்ன ஆகிறது, ஒரே பக்கத்தில் மூன்று மொழிகள் இருந்தால் அதை எப்படிச் சொல்வது ஆகிய கேள்விகளை 'அதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். அப்படி ஒதுக்க முடியாது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டியிருக்கும். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இருளர் பாட்டுகளைச் சேகரித்து ஒருவர் வலையில் ஏற்றுகிறார். பாட்டு இருளர் மொழியில், ஆனால் தமிழ் எழுத்தில். அதன் அடியில் தமிழில் பொருள். ஓரத்தில், வெளியூர் ஆய்வாளர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பார்க்கிறவருக்கு இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. எது பாட்டு, எது உரை என்று அமைப்பைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தின் தலைவாசலில் 'தமிழ்' என்று ஒரே ஒரு குறி மட்டும் இருக்கிறது. பொறியைப் பொறுத்தவரை அந்தப் பாட்டும் தமிழ்தான். அதாவது, எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் மலிந்த, அகராதியில் இல்லாத சொற்கள் நிறைந்த, மோசமான தமிழ். ஒரு மொழி இன்னொரு மொழியின் பிழையாக மாறிவிடுகிற இடம் இது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு குறி போடாமல் விட்டதால் நடந்தது.

2

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். வலைப்பக்கம் எழுதப்படும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் 'லாங்' என்றொரு பண்பு உண்டு. 1997 ஜனவரியில் வெளியான ஓர் இணைய ஆவணம் இதை விவரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பக்கத்தின் வேர் உறுப்பில் இந்தப் பண்பை எழுதி, எதிரே மொழியின் சுருக்கக்குறியைப் போட வேண்டும். தமிழுக்கு 'டிஏ', ஆங்கிலத்துக்கு 'இஎன்', சிங்களத்துக்கு 'எஸ்ஐ'. (இங்கே தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டுகிறேன். கணினியில் இவற்றை ரோமன் எழுத்தில் மட்டுமே அடிக்க முடியும். 'நான் தமிழ்' என்று சொல்வதற்கே ரோமன் எழுத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்கிற முரணைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.)

வேரில் எழுதியது பக்கம் முழுக்க இறங்கும். உள்ளே ஒரு பத்திக்கோ, ஒரு வாக்கியத்துக்கோ, ஒற்றைச் சொல்லுக்கோ வேறு குறி போட்டால் அந்த இடத்தில் மேலேயுள்ள குறி செல்லாது. அந்தத் துண்டு முடிந்ததும் பழைய மொழிக்குத் திரும்பிவிடும். துண்டுக்குள் துண்டாக எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகலாம். தமிழ்ப் பக்கத்துக்குள் ஓர் ஆங்கில மேற்கோள், அந்த மேற்கோளுக்குள் ஒரு லத்தீன் சொற்றொடர் என்று எல்லாவற்றையும் சொல்ல முடியும்.

ஆனால் ஒரு கறாரான விதி இருக்கிறது. ஒரு துண்டுக்கு ஒரே மொழிதான். 'டிஏ, இஎன்' என்று காற்புள்ளி போட்டு இரண்டையும் எழுதினால் உலாவி அதை இரு மொழிகள் என்று எடுத்துக்கொள்ளாது. தனக்குத் தெரியாத ஏதோ ஒரு பெயர் என்று நினைத்துக்கொள்ளும். 'ரெண்டு மொழியும் இருக்கு, ரெண்டையும் போட்டேன், என்ன தப்பு?' என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. பதிலைப் பிறகு பார்க்கலாம்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: எழுத்துக்குறியீடு, எழுத்துரு, மொழி. தமிழ் இணையத்தின் தொடக்கத்தில் இம்மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக்கிடந்தன. 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்று இருந்தது. பிறகு டிஸ்கி, டேப், டேம் என்று தரப்படுத்த முயன்றார்கள். ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்ததால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது பொறிக்கு அர்த்தமற்ற ஐரோப்பிய எழுத்துச் சரமாக இருந்தது. தமிழ் எழுத்துகளுக்கு 1991இலேயே யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது என்றாலும் புழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010இல். இதனால் ஒரு பிரமையும் ஏற்பட்டது: யூனிகோடில் அடித்துவிட்டால் பொறிக்குத் தமிழ் தெரிந்துவிடும் என்கிற பிரமை. யூனிகோடு சொல்வது 'இது தமிழ் எழுத்து' என்பதை மட்டுமே. 'இது தமிழ் மொழி' என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

எழுத்தும் மொழியும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன? மதுரையில் சௌராஷ்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்; அம்மொழிக்கென்று தனி எழுத்தும் உண்டு, 2008இல் அது யூனிகோடிலும் சேர்க்கப்பட்டது. படுக மொழியைத் தமிழ் எழுத்திலும் எழுதுகிறார்கள், கன்னட எழுத்திலும் எழுதுகிறார்கள். சமஸ்கிருத சுலோகங்கள் தமிழ் எழுத்தில் அச்சாகி விற்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களின் இஸ்லாமியத் தமிழர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி வைத்திருக்கிறார்கள். தேவநாகரியைப் பார்த்து இந்தி என்று பொறி முடிவு செய்தால், மராத்தியும் நேபாளியும் எங்கே போகும்? எழுத்தை மட்டும் பார்க்கும் பொறி எல்லா இடத்திலும் பெருமொழியின் பக்கமே சாயும்.

3

'சரி, பொறிக்குத் தெரியலேன்னா என்ன குடிமுழுகிப் போச்சு? வாசிக்கிறது மனுஷன்தானே?' என்று கேட்கலாம். அந்த மனிதர் எப்படி வாசிக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பார்வையற்ற நண்பர்கள் வலைப்பக்கத்தைக் காதால் வாசிக்கிறார்கள். திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் திரைவாசிப்பான்கள் பல உண்டு. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமாகவே கிடைக்கிறது. இத்தகைய மென்பொருள்கள், துண்டின் மொழிக்குறியைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்ளக் கூடியவை. 'டிஏ' என்றால் தமிழ்க் குரல், 'எஃப்ஆர்' என்றால் பிரெஞ்சுக் குரல். குறி இல்லையென்றால் இருக்கிற குரலிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிடும்.

கல்லூரியில் தமிழ் நடத்துகிற பார்வையற்ற தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு தோழர். நடுவுல ரெண்டு வரி பிரெஞ்சு போட்டிருந்தாங்களாம். எனக்கு அது பிரெஞ்சுன்னே தெரியல. பல்வலிக்காரன் இங்கிலீஷ் பேசுன மாதிரி கேட்டுச்சு.' ஆங்கிலக் குரலின் கையில் தமிழ் எழுத்து சிக்கினால் இதைவிட மோசம். சில குரல்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கேட்பவருக்கு அங்கே ஒரு வாக்கியம் இருந்ததே தெரியாது. பின்னைக்கட்டமைப்பு பற்றி, பிரதியின் மௌனங்கள் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளே இப்படி மௌனமாக்கப்படுகின்றன.

2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு இதை இரண்டு படிகளாக வைத்திருக்கிறது. பக்கத்தின் பொதுமொழி பொறிக்குத் தெரியும்படி இருப்பது அடிப்படைத் தகுதி. பக்கத்துக்குள் மொழி மாறுகிற ஒவ்வோர் இடமும் தெரியும்படி இருப்பது அடுத்த படி. பல மொழிகளில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது படி.

காது மட்டும் அல்ல, கண்ணும் இந்தக் குறியைச் சார்ந்திருக்கிறது. சீனத்திலும் ஜப்பானியத்திலும் பொதுவாக இருக்கிற பல எழுத்துகளுக்கு யூனிகோடில் ஒரே எண்தான். ஆனால் வரைவடிவம் மொழிக்கு மொழி சற்று வேறுபடும். எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதை உலாவி மொழிக்குறியைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. இந்தியின் 'ல'வும் மராத்தியின் 'ல'வும் இப்படித்தான். வரி முடிவில் சொல்லை எங்கே உடைப்பது, எழுத்துப்பிழையை எந்த அகராதி கொண்டு பார்ப்பது, மொழிபெயர்க்கட்டுமா என்று எப்போது கேட்பது ஆகியவற்றிலும் இக்குறிக்குப் பங்கு உண்டு.

4

இப்போது அந்த ஒற்றை மொழி விதிக்கு வருவோம். நாம் 'பக்கத்தின் மொழி' என்று சொல்லும்போது இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, இந்தப் பக்கம் எந்த மொழிக்காரர்களுக்காக எழுதப்பட்டது? இன்னொன்று, இந்தத் துண்டு எந்த மொழியில் இருக்கிறது? முதல் கேள்வியின் பதில் பன்மையாக இருக்கலாம். வழங்கி தன் பக்கத்தை அனுப்பும்போது அதன் உறைமேல் 'கன்டென்ட்-லாங்வேஜ்' என்று ஒரு குறிப்பை ஒட்ட முடியும். அதில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று வரிசையாக எழுதலாம். வாசகர்கள் யார் என்று சொல்கிற குறிப்பு அது. பேசுகிற குரலுக்கு அதனால் பிரயோசனமில்லை. மூன்று பெயரைச் சொன்னால் எந்த வரியை எந்தக் குரலில் வாசிப்பது? ஆகவே இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மொழி சொல்லப்பட்டிருந்தால், துண்டின் மொழியைத் தீர்மானிக்கும்போது உலாவி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. (பக்கத்தின் தலைப்பகுதியில் 'மெட்டா' குறியாக இதே குறிப்பை எழுதுகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. இன்றைய எச்டிஎம்எல் விதிகள் அதை ஏற்பதில்லை.)

இரண்டாவது கேள்வியின் பதில் ஒருமைதான். ஆனால் எத்தனை துண்டுகளாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். ஆக, பன்மை என்பது இங்கே பட்டியலில் இல்லை, வெட்டுகிற இடத்தில் இருக்கிறது. எங்கே ஒரு மொழி முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதைப் பிரதியை எழுதியவரால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வேர் உறுப்பில் எதைப் போடுவது? தமிழும் சிங்களமும் சரிபாதியாக, எதிரெதிராக இருக்கிற ஒரு கவிதைப் பக்கத்துக்கு எதை வேராக வைப்பது? இந்தக் கேள்வியை அதிகாரப் படிநிலை பற்றிய கேள்வியாக வாசிக்க நமக்குக் கை துறுதுறுக்கும். நானும் அப்படித்தான் முதலில் வாசித்தேன். ஆனால் வேரில் இருப்பது ஆட்சிமொழி அல்ல. குறி போடாத இடத்தில் எந்தக் குரலில் பேசுவது என்பதற்கான ஏற்பாடு மட்டுமே. பக்கத்தின் தலைப்பும் பட்டியல்களும் எந்த மொழியில் இருக்கின்றனவோ அதை வேரில் வைத்து, கவிதைகளின் இரு பாதிகளுக்கும் தனித்தனியே குறி போட்டுவிட்டால், எந்த மொழியும் இன்னொன்றின் கீழே இல்லை.

சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. பக்கத்தின் தலைப்புக்குள்ளும், படத்துக்கு மாற்றாக எழுதும் விவரிப்புக்குள்ளும் உள்குறிகள் போட முடியாது. ஆகவே அங்கே இரு மொழிகளைக் கலந்தால் ஒன்று நிச்சயம் பாழாகும். அடுத்து, இலங்கை அரசுத் தளங்களில் இருப்பது போன்ற மும்மொழித் தேர்வுப் பட்டியல். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று ஒவ்வொரு பெயரையும் அந்தந்த மொழியிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி போட வேண்டும். இல்லையென்றால் தன் மொழியைத் தேடுகிறவருக்கு அதன் பெயரே விளங்காத குரலில் வந்து சேரும். பெயருக்குப் பதில் தேசியக் கொடியை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பார்கள்? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா? தமிழுக்கென்று ஒரு தேசக்கொடி இல்லை என்பதே, மொழி வேறு தேசம் வேறு என்பதற்கு நல்ல சாட்சி. நாடு முக்கியமாகப்படுகிற இடத்தில் மொழிக்குறியோடு நாட்டுக் குறியைச் சேர்த்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன: தமிழ்-இலங்கை, தமிழ்-மலேசியா என்று. எழுத்தையும் சேர்க்கலாம்: சௌராஷ்டிரம்-தமிழெழுத்து, தமிழ்-அரபெழுத்து. ஆனால் வலமிருந்து இடமாக ஓடுவதை மொழிக்குறி தானாகச் செய்துவிடாது. திசைக்கு 'டிர்' என்கிற வேறொரு பண்பைத் தனியாகப் போட வேண்டும்.

5

பெயரிடுதல் என்று வந்துவிட்டால் பெயர்ப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்கிற கேள்வி வந்தே தீரும். ஐஎஸ்ஓ 639 என்கிற தரநிர்ணயம்தான் மொழிகளுக்குக் குறி வழங்குகிறது. இரண்டெழுத்துக் குறி பெற்ற மொழிகள் ஏறத்தாழ 180. தமிழ் அதில் உண்டு. மூன்றெழுத்துக் குறிகளைக் கொண்ட பெரும்பட்டியல் 2007இல் வெளியாயிற்று. அதில் 7000க்கும் மேல். அந்தப் பெரும்பட்டியலைப் பராமரிப்பது எஸ்ஐஎல். விவிலிய மொழிபெயர்ப்போடு நெருங்கிய உறவு கொண்டு 1934இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. உலக மொழிகளை எண்ணிக் கணக்கெடுத்ததன் பின்னணியில் வேதம் பரப்பும் திட்டம் ஒன்று இருந்திருக்கிறது. எண்ணுதல் ஒருபோதும் அப்பாவித்தனமானதல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கதை இத்தோடு முடியவில்லை. தேசிய அரசின் கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள். பிறகு 10,000 பேருக்கு மேல் பேசுகிறவற்றைத் தொகுத்து 121 மொழிகள் ஆக்கினார்கள். எட்டாம் அட்டவணையில் இருப்பது 22. இந்தத் தொகுப்பில் இருளர் மொழி தமிழின் கீழே போயிற்று. படுகம் கன்னடத்தின் கீழே போயிற்று. நம்முடைய 'தமிழ் பேசுவோர் தொகை'யில் இருளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழி இல்லை. மிஷனரிப் பின்னணி கொண்ட பட்டியலிலோ இருளர் மொழிக்கு 'ஐஆர்யு' என்றும், படுகத்துக்கு 'பிஎஃப்க்யு' என்றும், நரிக்குறவர்களின் வாக்ரிபோலிக்கு 'விஏஏ' என்றும் தனிப்பெயர்கள் இருக்கின்றன. தோற்றுவாயை வைத்து மட்டும் ஒன்றை நிராகரிப்பதும் ஏற்பதும் எவ்வளவு சிக்கலானது என்பதை இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் உணரலாம்.

பட்டியலின் ஓரத்தில் சில விசித்திரமான குறிகளும் உண்டு. 'எம்யுஎல்' என்றால் பல மொழிகள். 'யுஎன்டி' என்றால் இன்னதென்று தீர்மானிக்கப்படாதது. 'எம்ஐஎஸ்' என்றால் இன்று 'குறி வழங்கப்படாத மொழிகள்'; முன்பு அதற்கு 'உதிரிகள்' என்றே அர்த்தம் வைத்திருந்தார்கள். பல மொழிப் பக்கத்துக்கு 'எம்யுஎல்' பொருத்தமாகத் தெரியலாம். 'பல' என்று சொல்லிவிட்டு எவை என்று சொல்லாமல் விடுகிற குறி அது. பன்மையைக் கொண்டாடுவது போன்ற தோற்றம். உள்ளே ஒரு பெயரும் கிடையாது. நமக்குப் பழகிய தந்திரம்தான்.

வட்டார வழக்குகள்? அதற்கும் இடம் இருக்கிறது. மொழிக்குறியோடு சேர்க்கும் வழக்குக் குறிகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. லிவர்பூல் ஆங்கிலத்துக்கு அதில் பெயர் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஒரு சிற்றூரில் பேசப்பட்ட பூன்ட்லிங் என்கிற குழூஉக்குறி வழக்குக்குக்கூட இருக்கிறது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், பரிசீலனைக் காலம் இரண்டு வாரம் என்று 2009ஆம் ஆண்டின் விதி ஆவணம் சொல்கிறது. கரிசல் வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, தலித் வழக்கு என்று இவ்வளவு காலம் எழுதிக்கொண்டிருக்கிற நாம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததுண்டா?

6

கடைசியாக, ஒரு பயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நம்முடைய பேச்சே கலப்புதான். 'பஸ்ல ஏறி ஆபீஸ் போனேன்' என்கிற வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆங்கிலம், தமிழ் என்று மாற்றி மாற்றிக் குறி போட வேண்டுமா? வேண்டாம். மேலே சொன்ன அணுகல் நெறிமுறைகளே இதற்கு விலக்கு தருகின்றன: பெயர்ச்சொற்கள், கலைச்சொற்கள், இன்ன மொழி என்று தீர்மானிக்க முடியாத சொற்கள், சுற்றியுள்ள மொழியின் புழக்கத்தில் கலந்துபோன சொற்கள். 'பஸ்' தமிழில் எழுதப்பட்டு, தமிழ் வாயால் சொல்லப்படுகிற சொல். அதற்கு ஆங்கிலக் குறி போட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும். இக்குறி ஒரு சொல்லின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. எந்தக் குலத்தில் பிறந்தாய் என்று கேட்பதில்லை. இப்போது எந்த நாக்கில் புழங்குகிறாய் என்பதை மட்டும் கேட்கிறது. வேர்ச்சொல் ஆராய்ந்து தீட்டு பார்க்கும் தனித்தமிழ்த் தூய்மைவாதத்துக்கு நேர் எதிரான தர்க்கம் இது.

இருளர் பாட்டின் விஷயம் வேறு. அங்கே கலப்பு இல்லை, விழுங்கல் இருக்கிறது. இன்று வலையிலிருந்து பிரதிகளை அள்ளிப்போய்த்தான் மொழிபெயர்க்கும் பொறிகளும் எழுதும் பொறிகளும் பழக்கப்படுகின்றன. அள்ளுகிற பொறிக்குத் தெரிந்த மொழிகளில் இருளர் மொழி இல்லையென்றால், எழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று குவியலில் போட்டுக்கொள்ளும். அல்லது கெட்டுப்போன தமிழ் என்று கழித்துக்கட்டும். நாம் போடுகிற குறியை அது மதிக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றும் இல்லை. இருளர் மொழிக்குக் குரல் இல்லாத திரைவாசிப்பானும் வழக்கமான குரலிலேயே வாசிக்கக்கூடும். 'அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?' என்றால், குரல் ஒன்று வரும் நாளில் அது தேடிப்போவது குறி உள்ள இடத்தைத்தான். இல்லாத குறியை யாராலும் மதிக்க முடியாது.

எனவே, இதை வாசிக்கிற எழுத்தாளர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் நான் கேட்பது சிறிய காரியம். உங்கள் பக்கத்தை வடிவமைக்கிறவரிடம் வேரில் என்ன குறி போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஆங்கிலப் பக்கத்துக்கான அச்சை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், உங்கள் தமிழ்க் கட்டுரை முழுவதும் இன்றைக்கு 'ஆங்கிலம்' என்று அறிவிக்கப்பட்டிருக்கக்கூடும். அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். மாற்றி முடித்ததும் அந்தப் பக்கத்துக்குள் தமிழல்லாத மொழி எங்கெங்கே இருக்கிறது, குறிப்பாகத் தமிழ் எழுத்தில் ஒளிந்துகொண்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தன் மொழி மறைக்கப்பட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த அதே கை, தன் மொழியால் மறைக்கப்பட்டதையும் சரிசெய்யட்டும்.